படம் பிடித்தேன், அவளுக்குப் பிடிக்கவில்லை

வெள்ளியுப்பு:

நண்பர்களே, ஒரு வாரமாக மனசை அரித்துக்கொண்டிருக்கும் விஷயம் ஒன்றை இங்கே கொட்டிவிடுகிறேன். லென்ஸ் சந்தேகம் இல்லை. நேரம் இருப்பவர்கள் மட்டும் படியுங்கள்.

என் அக்காவைப் படம் எடுத்தேன். ஜன்னலோரம் ஒரு முக்காலியில் உட்கார்ந்திருந்தாள். பக்கவாட்டு வெளிச்சம், பின்னால் வெறும் சுவர். நாற்பது நிமிடத்தில் 42 படங்கள். எல்லாவற்றிலும் ஏதோ ஒரு போஸ். 31-ஆவதில் மட்டும் கிடையாது. அந்த நேரத்தில் அவளுக்கு ஒரு ஃபோன் வந்தது. பேசி முடித்து, ஃபோனை மடியில் கவிழ்த்து வைத்தாள். வலது கை விரல்கள் கழுத்து எலும்பின் மேல் போய் நின்றன. நான் இருப்பதையே மறந்துவிட்டுக் கேமரா பக்கம் பார்த்தாள். அழுத்திவிட்டேன்.

கறுப்பு வெள்ளைக்கு மாற்றியதும் எனக்கே புல்லரித்தது. நான்கு வருடமாக போர்ட்ரெய்ட் எடுக்கிறேன், இப்படி ஒன்று வாய்த்ததில்லை. அன்று ராத்திரியே மூன்று குழுக்களில் போட்டேன். "என்ன ஒரு நெருக்கம்", "உங்கள் மேல் எவ்வளவு நம்பிக்கை இருந்தால் இப்படி முகத்தைக் காட்டுவார்" என்று மறுமொழிகள் குவிந்தன.

மறுநாள் அக்கா கூப்பிட்டாள். சண்டையெல்லாம் இல்லை. "அதை எடுத்துடுடா" என்றாள், அவ்வளவுதான். ஏன் என்று கேட்டதற்கு, "பிடிக்கலை" என்று சொல்லி வைத்துவிட்டாள்.

என் குழப்பம் இதுதான். ஊருக்கே தெரிகிற நெருக்கம் அவள் கண்ணுக்கு மட்டும் ஏன் தெரியவில்லை?

ஐஎஸ்ஓ மூவாயிரம்:

படத்தைப் பார்க்காமல் என்ன சொல்வது? இணைப்பைக் கொடுங்கள்.

வெள்ளியுப்பு:

எல்லா இடத்திலும் நீக்கியாயிற்று. இங்கேயும் போட மாட்டேன்.

ஐஎஸ்ஓ மூவாயிரம்:

சரி, நியாயம்தான். வாபஸ்.

இருட்டறை மாமா:

தம்பி, மனசை அப்புறம் பார்க்கலாம், முதலில் எடிட்டிங் மென்பொருளின் ஸ்லைடரைப் பார்ப்போம். கறுப்பு வெள்ளைக்கு எப்படி மாற்றினாய்? ஆரஞ்சு, சிவப்பு இரண்டின் வெளிச்சத்தையும் இறக்கினாயா?

வெள்ளியுப்பு:

ஆமாம் மாமா. ஆரஞ்சு -35. முகம் சுவரில் இருந்து பிரிந்து தெரிய வேண்டும் என்று. நுணுக்கங்களை அழுத்திக் காட்டும் கிளாரிட்டியும் கொஞ்சம் ஏற்றினேன்.

இருட்டறை மாமா:

நினைத்தேன்.

மனிதத் தோல் எந்த நிறமாக இருந்தாலும் ஆரஞ்சுக்கும் சிவப்புக்கும் நடுவில்தான் எங்கேயோ விழும். ஆரஞ்சை இறக்கினால் கன்னத்துச் சிவப்பு, பழைய பருத்தழும்பு, கண்ணுக்குக் கீழே உள்ள நிறம் எல்லாம் கறுத்து முன்னால் வந்து நிற்கும். ஏற்றினால் கரைந்துபோகும். பழைய ஆர்த்தோகுரோமாட்டிக் ஃபிலிமில் இதே கதைதான் தானாகவே நடந்தது. அந்த ஃபிலிமுக்குச் சிவப்பு தெரியாது. அதனால்தான் சிவப்பு விளக்கில் பயமில்லாமல் கழுவினார்கள். உதடு கறுப்பாக விழும், தோல் காய்ந்த நிலம் மாதிரி வரும். சிவப்பையும் பார்க்கிற பான்குரோமாட்டிக் ஃபிலிம் பரவலானதும் ஃபில்டரை வைத்து ஆட்டம் காட்டினோம். முகத்துக்குச் சிவப்பு ஃபில்டர் போட்டால் பளிங்கு, பச்சை போட்டால் அனுபவம்.

நிறத்தைக் கழித்தால் கறுப்பு வெள்ளை வந்துவிடும் என்று எல்லோரும் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். எந்த நிறத்துக்கு எவ்வளவு சாம்பல் என்று யாராவது உட்கார்ந்து முடிவு செய்தாக வேண்டும். ஃபிலிம் காலத்தில் பாதி முடிவைக் கம்பெனிக்காரன் செய்தான். இப்போது முழுசும் உன் கையில். அக்காவைக் கேட்காமல் அவளுக்குப் பத்து வயது கூட்டிவிட்டாய். பார்த்தவர்கள் அதை "ஆழம்" என்றார்கள். கண்ணாடியில் தினமும் அந்த முகத்தைப் பார்க்கிறவளுக்குக் கணக்குத் தெரியாதா?

சாம்பல் 18:

மாமா சொன்னதோடு ஒன்று. தம்பி இறக்கினார், நம்மில் பெரும்பாலோர் ஏற்றுகிறோம். மாநிறத்துக்கு மேல் போனாலே "டல்லாக இருக்கிறது" என்று வெளுக்க ஆரம்பித்துவிடுவோம். கேமராவின் ஒளிமீட்டர், பார்க்கிற எதையும் நடுத்தரச் சாம்பலுக்கு இழுக்கும். கறுத்த முகம் படச்சட்டம் முழுக்க இருந்தால் ஒன்றரை ஸ்டாப் (ஒரு ஸ்டாப் என்றால் வெளிச்சம் இரண்டு மடங்கு) வரை அதிகமாகக் காட்டி, முகத்தை அவர் இல்லாத ஒருவராக்கிவிடும். அதைத் திருத்தாமல் விடுவதும் ஒரு முடிவுதான்.

ராய் டிகராவாவின் படங்களைத் தேடிப் பாருங்கள். நியூயார்க்கில் கறுப்பினத்தவர் வாழும் ஹார்லெமில் தன் சொந்த மக்களை எடுத்தவர். 1952-இல் கலைஞர்களுக்குத் தரும் கக்கன்ஹைம் உதவித்தொகை பெற்ற முதல் கறுப்பினப் புகைப்படக்காரர். அவர் பிரிண்டில் வெள்ளை என்று சொல்ல அநேகமாக எதுவும் இருக்காது. கறுப்புக்குள் கறுப்பு, அதற்குள் ஒரு முகம். கண் பழகக் கொஞ்ச நேரம் ஆகும். இருட்டு அறைக்குள் நுழைந்து நிற்கிற மாதிரி. அந்த முகங்களை வெளிச்சத்துக்கு இழுத்து வந்து நிறுத்தாமல், பார்க்கிறவனை உள்ளே வரச் சொல்கிறார். நெருக்கம் என்று நான் நம்புவது அதை.

தூரத்துப் பச்சை:

எல்லோரும் நெருக்கம் நெருக்கம் என்கிறீர்கள். நான் கொஞ்சம் கசப்பாகவே சொல்கிறேன். படத்தில் தெரியும் நெருக்கம், எடுத்தவருக்கும் உட்கார்ந்தவருக்கும் நடுவில் என்ன இருந்தது என்பதற்குச் சாட்சி ஆகாது.

1941 டிசம்பர் 30, ஒட்டாவா. கனடா நாடாளுமன்றத்தில் பேசிவிட்டு வந்த பிரிட்டிஷ் பிரதமர் சர்ச்சிலைப் புகைப்படக்காரர் யூசுஃப் கார்ஷ் எடுக்கிறார். வாயில் சுருட்டு. கார்ஷ் போய் மன்னிப்புக் கேட்டபடியே அதை உருவிவிட்டு, திரும்பி வந்து அழுத்திவிட்டார். போர்க்காலத்து உறுதியின் முகம் என்று உலகமே கொண்டாடுகிறது. உண்மையில் சுருட்டுப் பறிபோன ஒருவரின் கடுப்பு. கொஞ்ச நேரத்தில் அவரே சிரித்தபடி இன்னொரு படத்துக்கும் நின்றார். அதை எத்தனை பேர் பார்த்திருக்கிறோம்?

அமெரிக்கப் புகைப்படக்காரர் ரிச்சர்ட் அவிடான் இன்னும் மோசம். 1957-இல் வின்ட்ஸர் கோமகனையும் (முடிதுறந்த பிரிட்டிஷ் மன்னர்) அவர் மனைவியையும் எடுக்கப் போனார். இருவரும் கேமராவுக்கென்றே ஒரு முகம் வைத்திருந்தார்கள். நாய்ப் பிரியர்கள் என்று தெரிந்துகொண்டு, வரும் வழியில் தன் டாக்ஸி ஒரு நாய் மேல் ஏறிவிட்டது என்று கதை விட்டார். இரண்டு முகமும் விழுந்தன. கிளிக். பொய் சொல்லி வாங்கிய முகத்தை "உள்ளம் திறந்த படம்" என்கிறோம்.

உங்கள் அக்காவின் 31-ஆவது படமும் இந்த வரிசைதான். நீங்கள் பொய் சொல்லவில்லை, அது மட்டும்தான் வித்தியாசம். ஃபோன் செய்த யாரோ ஒருவர் உங்களுக்காகச் சுருட்டை உருவிக் கொடுத்திருக்கிறார்.

விரல்நுனி:

தூரத்துப் பச்சை அக்கா, இந்தக் கணக்குப்படி உலகத்தில் ஒரு நல்ல போர்ட்ரெய்ட் கூடத் தேறாது! அனுமதி கேட்டுக் கேட்டு அழுத்தினால் வருவது பாஸ்போர்ட் படம். 1944-இல் பிரெஞ்சுப் புகைப்படக்காரர் கார்த்தியே-பிரஸ்ஸோன், விஞ்ஞானிகளான ஜோலியோ-க்யூரி தம்பதியை எடுக்கப் போனபோது கதவு திறந்ததுமே அழுத்திவிட்டு, அப்புறம்தான் வணக்கம் சொன்னார். தத்தம் கைகளைக் கோத்தபடி இருவரும் நிற்கிறார்கள், பாருங்கள். வணக்கம் சொல்லிவிட்டு எடுத்திருந்தால் அது போயிருக்கும்.

வெள்ளியுப்பு, நீங்கள் எடுத்ததில் தப்பே இல்லை. எடுக்கத்தானே உட்கார்ந்தார்? சம்மதம் அங்கேயே முடிந்துவிட்டது.

நடுவெயில்:

விரல்நுனி, உட்கார்ந்ததாலேயே சம்மதம் என்றால் இதற்கு என்ன சொல்வீர்கள்? 1960, அல்ஜீரியா. பிரெஞ்சு ராணுவத்தில் கட்டாயச் சேவையில் இருந்த மார்க் கராஞ்சேவுக்கு உத்தரவு: கிராமத்து மக்களுக்கு அடையாள அட்டைப் படம் எடு. பெண்கள் முகத்திரையை எடுத்துவிட்டு உட்கார வைக்கப்பட்டார்கள். பத்து நாளில் ஏறக்குறைய 2000 பெண்கள். எல்லாம் கறுப்பு வெள்ளை, எல்லாம் ஒரு கை தூரத்தில் இருப்பது போல. கண் இமை முடிவரை தெரியும். அதைவிட நெருக்கமாக ஒரு முகத்தைக் காட்ட முடியாது. அந்தக் கண்களில் இருப்பது வெறுப்பு. கராஞ்சேவும் அதை மறைக்கவில்லை. அந்த முகங்களைத்தான் பின்னால் புத்தகமாகப் போட்டார். 2004-இல் அந்தப் படங்களை எடுத்துக்கொண்டு திரும்பிப் போய், அவர்களில் சிலரைத் தேடிச் சந்தித்தார்.

டோரதியா லாங்கேயின் "புலம்பெயர்ந்த தாய்" படம் தெரியாதவர் யாரும் இங்கே இருக்க மாட்டார்கள். 1936 மார்ச், கலிபோர்னியாவில் நிபோமோ. சில நிமிடங்கள், ஒரு சில படங்கள். பெயரைக்கூடக் கேட்கவில்லை என்று லாங்கே எழுதியிருக்கிறார். அந்தப் பெண் யார் என்று உலகத்துக்குத் தெரியவந்தது 1978-இல். ஃபிளாரன்ஸ் ஓவன்ஸ் தாம்ஸன். என்னை எடுத்திருக்கவே வேண்டாம், எனக்கு இதில் ஒரு காசும் வரவில்லை, படம் அனுப்புவதாகச் சொன்னதும் நடக்கவில்லை என்றார். அந்தப் படத்தை நான் இன்றைக்கும் பெரிய படம் என்றுதான் சொல்வேன். அவர் சொன்னதும் கூடவே காதில் விழுகிறது, என்ன செய்ய?

விரல்நுனி:

ராணுவ உத்தரவையும் தம்பி ஜன்னலோரம் எடுத்ததையும் ஒரே தராசில் வைக்கிறீர்களே.

நடுவெயில்:

வைக்கவில்லை. சட்டத்துக்குள் முகம் பெரிதாகத் தெரிவதை வைத்து நம்பிக்கையை அளக்காதீர்கள் என்றுதான் சொல்கிறேன்.

ஐஎஸ்ஓ மூவாயிரம்:

நடுவில் ஒன்று. 85 மி.மீ. லென்ஸில் எடுத்தீர்களா, 35-இலா? 85-ஐ விடப் போர்ட்ரெய்ட்டுக்கு...

இருட்டறை மாமா:

ஆரம்பித்துவிட்டானா!

சரி, கேட்டுவிட்டாய், சொல்கிறேன். முழுச்சட்ட கேமராவில் தலையும் தோளும் அடங்க 35-க்கு ஏறக்குறைய அறுபது சென்டிமீட்டர், 85-க்கு ஒன்றரை மீட்டருக்குள், 135-க்கு இரண்டேகால். அறுபது சென்டிமீட்டரில் உன் மூச்சுக்காற்று அவர் மேல் படும். முகமும் மூக்கை முன்னால் தள்ளிக்கொண்டு வரும். இரண்டேகாலில் குரலை உயர்த்திப் பேச வேண்டும். ஒன்றரையில் சாதாரணமாகப் பேசலாம். 85-இன் பெருமை அதில்தான். பின்னணி மங்குவது கொசுறு.

ஐஎஸ்ஓ மூவாயிரம்:

ஆனால் லென்ஸ் துளையை f/1.8-க்குத் திறந்தால் அந்தத் தூரத்தில் மூன்று சென்டிமீட்டர்தான் ஷார்ப்பாக இருக்கும், ஒரு கண் போய்விடும், அதனால்தான் நான் 50...

மட்டுறுத்துனர்:

லென்ஸ் சண்டைக்குத் தனி இழை இருக்கிறது. இதற்குப் பின் வந்த 14 பதிவுகளை அங்கே நகர்த்தியிருக்கிறேன்.

சும்மா உட்கார்ந்தவள்:

வணக்கம். நான் படம் எடுப்பவள் இல்லை. என் கணவர் இங்கே உறுப்பினர். அவர் தோளுக்குப் பின்னால் நின்று படித்துப் படித்து நானும் ஒரு கணக்குத் தொடங்கிவிட்டேன். எட்டு வருடமாக ஒரு கேமராவுக்கு முன்னால் உட்கார்ந்திருக்கும் தகுதியில் எழுதுகிறேன்.

உட்கார்ந்திருப்பவருக்கு என்ன தெரியும் என்று யாருமே சொல்லவில்லை. லென்ஸ் ஒரு கறுப்பு வட்டம். அதற்குள் ஜன்னல் குட்டியாக வளைந்து தெரியும். எடுப்பவரின் முகத்தில் முக்கால்வாசி கேமராவுக்குப் பின்னால் போய்விடும். மிச்சம் தெரிவது இடுக்கிய ஒரு கண்ணும் கடித்த உதடும். நாள் முழுக்கப் பேசிக்கொண்டிருந்த மனிதர் அந்த நேரத்தில் காணாமல் போகிறார். அந்தக் கறுப்பு வட்டத்தைப் பார்த்துத்தான் "இயல்பாக இரு" என்பார்கள். எதைப் பார்த்து இயல்பாக இருப்பது?

அவர் ஒரு பழைய ரோலிஃபிளெக்ஸ் வாங்கிய பிறகு கொஞ்சம் மாறியது. வயிற்றுக்கு நேராக வைத்து, மேலே இருந்து குனிந்து பார்க்கிற பெட்டி. தலை குனிந்து நிற்கும் ஆளைப் பார்த்து யாருக்கும் பயம் வராது. அதில் இடம் வலம் மாறித் தெரியுமாம். நான் ஒரு பக்கம் சாய்ந்தால் அவர் மறுபக்கம் திருப்பிவிட்டுத் தடுமாறுவார். எனக்குச் சிரிப்பு வந்துவிடும். நிமிர்ந்து பார்த்தால் முழு முகம், மறைக்க ஒன்றும் இல்லை. ஒரு சுருளுக்குப் பன்னிரண்டே படம். ஒவ்வொன்றுக்கும் நடுவில் பக்கவாட்டுப் பிடியைச் சுற்ற வேண்டும், அந்த க்ர்ர்ர் சத்தத்துக்குள் ஏதாவது பேசுவோம்.

எங்களுக்குள் ஒரு பேச்சு. நெகட்டிவ் அவருடையது, முகம் என்னுடையது. நான் வேண்டாம் என்றால் ஏன் என்று கேட்கக் கூடாது. எட்டு வருடத்தில் நான்கைந்து தடவை சொல்லியிருப்பேன். அதில் ஒன்றைத்தான் தன் வாழ்நாளின் சிறந்த படம் என்று இன்னமும் புலம்புகிறார். என் அம்மா இறந்த மாதம் எடுத்தது. நல்ல படமா என்று எனக்குத் தெரியாது. அதைக் கையில் எடுத்தால் எனக்குப் படம் கண்ணில் படுவதே இல்லை. அந்த அறையும், அன்றைக்கு மடிக்காமல் கிடந்த துணிகளும்தான் தெரிகின்றன.

வெள்ளியுப்பு தம்பி, ஃபோனில் யார் என்று அக்காவிடம் கேட்டீர்களா?

வெள்ளியுப்பு:

கேட்கவில்லை.

தூரத்துப் பச்சை:

உட்கார்ந்தவள் அவர்களே, இந்த இழையில் உருப்படியான முதல் பதிவு உங்களுடையதுதான். என்னுடையதையும் சேர்த்தே சொல்கிறேன்.

மேலே அவிடானைத் திட்டினேன், அதில் பாதியைத் திரும்பப் பெறுகிறேன். அதே ஆள் 1969 முதல் 1973 வரை, புற்றுநோயில் தேய்ந்துகொண்டிருந்த தன் அப்பாவைத் திரும்பத் திரும்ப எடுத்தார். சட்டை கொஞ்சம் கொஞ்சமாகத் தொளதொளவென்று ஆகிறது. ஒரே முகம், அதே வெள்ளைப் பின்னணி. அங்கே நாய்க் கதை எதுவும் செல்லாது, அப்பாவிடம் என்ன பொய் சொல்வது? அவர் இறந்த மறு வருடம், 1974-இல், நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகத்தில் வைத்தார். அதை மன்னிப்பதா வேண்டாமா என்று எனக்கு இன்னும் புரியவில்லை. சில நாள் மிகப்பெரிய அன்பாகத் தெரிகிறது. சில நாள் ஒரு மகன் செய்யக் கூடாத காரியமாகத் தெரிகிறது.

சாம்பல் 18:

தேர்வைப் பற்றி யாரும் பேசவில்லையே. 42-இல் ஒன்று. அமெரிக்கப் புகைப்படக்காரர் டயான் ஆர்பஸ் 1962-இல் எடுத்த, கையில் பொம்மைக் குண்டோடு நிற்கும் பையன் படம் தெரியும்தானே? வெறிபிடித்த மாதிரி ஒரு முகம். அந்தச் சுருளின் எல்லாப் படமும் சிறிதாக ஒரே தாளில் இருக்கும் கான்டாக்ட் ஷீட்டைப் பாருங்கள். மற்றவற்றில் எல்லாம் இடுப்பில் கை வைத்துச் சிரிக்கும், சேட்டை பண்ணும் சாதாரணப் பையன். அவன் பொறுமை இழந்த ஒரு நொடியைத்தான் அவர் எடுத்துக்கொண்டார். பையன் மற்ற எல்லாமாகவும் இருந்தான். உலகத்துக்கு அவன் அந்த ஒன்றுதான்.

விரல்நுனி:

ஆனால் மற்றவற்றில் எதை எடுத்திருந்தாலும் இன்று நாம் பேசிக்கொண்டிருக்க மாட்டோம்.

சாம்பல் 18:

ஆமாம். அதுதான் சங்கடம்.

நடுவெயில்:

எதிர்ப்பக்கமும் இருக்கிறது. புரூஸ் டேவிட்ஸன் 1966 முதல் 68 வரை நியூயார்க்கில் ஒரே தெருவில், கிழக்கு 100-ஆம் தெருவில், திரும்பத் திரும்பப் போய் எடுத்தார். ஒளித்துக்கொண்டு போக முடியாத பெரிய கேமரா, ஸ்டாண்டு, விளக்கு. வருவது தெருமுனையிலேயே தெரிந்துவிடும். எடுத்தவர்களுக்குப் பிரிண்ட் கொண்டுபோய்க் கொடுத்தார். அடுத்த வீட்டுக்காரர் அந்தப் பிரிண்டைப் பார்த்துவிட்டுத்தான் கதவைத் திறப்பார், இல்லையா? நான் சொல்லும் நம்பிக்கை இந்த மாதிரி. கொடுக்கல் வாங்கல்.

வெள்ளியுப்பு:

ஒன்பது நாள் கழித்து வருகிறேன். எல்லாவற்றையும் படித்தேன். விரல்நுனி, என் பக்கம் நின்றதற்கு நன்றி. ஆனால் நீங்கள் சொன்னது எனக்கு உதவவில்லை.

அக்கா வீட்டுக்குப் போனேன். மடிக்கணினியைத் திறந்து 42-ஐயும் வரிசையாகக் கலரிலேயே காட்டினேன், எதையும் கழிக்காமல். கண் மூடியது, தும்மப் போனது எல்லாம் உண்டு. முதல் பத்தைப் பார்த்து, "ஐயோ, என்னடா இப்படி உட்கார்ந்திருக்கேன்" என்று தலையில் அடித்துக்கொண்டாள். போகப் போக அமைதியாகிவிட்டாள். 30 வந்தது, காதில் ஃபோன். அடுத்ததை நானே தாண்டப் பார்த்தேன். கையைப் பிடித்து நிறுத்தினாள்.

ரொம்ப நேரம் பார்த்தாள். அப்புறம் அந்த ஃபோன் யார், என்ன விஷயம் என்று சொன்னாள். அதை இங்கே எழுத மாட்டேன். எங்கள் வீட்டில் வேறு யாருக்கும் தெரியாத ஒன்று. மூன்று குழுக்களில் ஆயிரம் பேருக்குக் காட்டியிருக்கிறேன், அதற்கு அடியில் "என்ன ஒரு நெருக்கம்" என்று வந்ததற்கெல்லாம் இதயக் குறி வேறு போட்டிருக்கிறேன். நான் அங்கேயே, ஒன்றரை மீட்டர் தூரத்தில் இருந்தேன். "என்ன ஆச்சு" என்று கேட்டிருக்கலாம்.

படத்தை அழித்துவிடவா என்றேன். வேண்டாம், அது தன்னிடம் இருக்கட்டும் என்றாள். ஒரு பென் டிரைவில் போட்டுக் கொடுத்தேன். என் பக்கம் இருந்ததை அவள் கண் முன்னாலேயே நீக்கினேன்.

இருட்டறை மாமா:

கேமராவில் இருந்து வந்த மூலக் கோப்பு, ரா ஃபைலையுமா?

வெள்ளியுப்பு:

ரா ஃபைலையும் மாமா.

விரல்நுனி:

வலிக்கிறது. நான் செய்திருப்பேனா என்று சொல்லத் தெரியவில்லை.

சும்மா உட்கார்ந்தவள்:

அவளுக்குப் பிடித்தது எதுவும் இல்லையா அந்த 42-இல்?

வெள்ளியுப்பு:

17. எதற்கோ சிரித்தபடி கேமராவை மறைக்கக் கையை நீட்டுகிறாள். உள்ளங்கை ஆடிப்போய் முகத்தில் பாதியை மறைக்கிறது. ஃபோகஸ் காதில் விழுந்திருக்கிறது. உண்மையைச் சொன்னால் சுமாரான படம். "இதைப் பெரிசா போட்டுக் குடு" என்கிறாள். பிரிண்ட் போடுவது எனக்கு இதுதான் முதல் தடவை. என்ன பேப்பர் மாமா?

இருட்டறை மாமா:

டிஜிட்டல்தானே, பரைட்டா பூச்சு (பழைய ஃபோட்டோ பேப்பரில் இருந்த வெள்ளைப் பூச்சு) உள்ள இங்க்ஜெட் பேப்பர் போதும். பளபளப்பு அதிகம் வேண்டாம். எட்டுக்குப் பத்து அங்குலத்துக்கு மேல் போகாதே, ஆடின உள்ளங்கை பெரிசாகப் பெரிசாகக் கஞ்சியாகிவிடும். ஆரஞ்சைப் பூஜ்ஜியத்தில் வைத்து ஆரம்பி. கிளாரிட்டியைத் தொடவே தொடாதே. அக்காவைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு ஸ்லைடரை நகர்த்து.

வெள்ளியுப்பு:

மவுஸைப் பிடுங்கிவிடுவாள் மாமா.

இருட்டறை மாமா:

பிடுங்கட்டும்.